கச்சாலில் மட்டும் முளைக்கும் இலை

எங்கள் வீட்டில் சீனி தேத்தண்ணிக்குள் போகாது, கைக்குத்தான் போகும். இடது உள்ளங்கையில் ஒரு சிட்டிகை சீனியை வைத்துக்கொண்டு, அதை நாக்கு நுனியால் தொட்டுத் தொட்டு, வலது கையிலிருக்கும் பால் கலக்காத கடும் சாயத்தை உறிஞ்ச வேண்டும். இலங்கையின் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளிலிருந்து அம்மாவின் ஆட்கள் கப்பலேறி வந்தபோது தட்டுமுட்டுச் சாமான்களோடு கூடவே வந்த பழக்கம் இது. பாலும் சீனியும் கலந்து குடிப்பவர்களைப் பற்றி அம்மாவுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. "அதுக்குப் பேசாம பாயசம் வெச்சிக் குடிக்கலாம்" என்பாள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால், நாங்கள் எல்லோரும் ஒரு வருஷம் முழுக்க இல்லாத ஓர் இலையைத் தேடிய கதை யாருக்கும் புரியாது.

நிக்கோபாரில் கச்சால் என்றொரு தீவு. அங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை செய்ய அம்மாவின் குடும்பத்தையும் அப்பாவின் குடும்பத்தையும் கொண்டுவந்து இறக்கியபோது அம்மாவுக்குப் பத்து வயது. தேயிலையை விட்டு வந்தாலும் தேயிலைப் பேச்சை அவள் விடவில்லை. மேட்டில் இருந்த தோட்டத்து வீடுகளில் ஒன்றில்தான் நானும் அக்காவும் பிறந்தோம். அம்மாவும் அப்பாவும் விடியுமுன்பே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விடுவார்கள். அடுப்பையும் என்னையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்ததால் அக்காவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. என் படிப்பு நிற்கவில்லை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இவன்தான் என்று இன்றைக்கும் அப்பா யாரைப் பார்த்தாலும் சொல்வார். அப்படிச் சொல்லும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

ஒரு மழை நாள். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. எல்லோரும் வீட்டில் இருந்தோம். கூரை ஒழுகி, சீனி டப்பாவுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அம்மா பார்ப்பதற்குள் அதைக் காயவைத்துவிட வேண்டும் என்று அக்கா ஒரு கை சீனியை இரும்புக் கரண்டியில் அள்ளி அடுப்பின் மேல் பிடித்தாள். சீனி காயவில்லை. உருகியது, நுரைத்தது, தேன் நிறமானது, அவளும் நானும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துப் புகைந்தது. அக்கா பயந்துபோய், பக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்த கேத்தலின் மூடியைத் திறந்து கரண்டியோடு உள்ளே முக்கிவிட்டாள். 'ஸ்ஸ்ஸ்' என்றது. ஈர விறகின் புகையில் அந்தக் கருகல் வாசனை யாருக்கும் தனியாகத் தெரியவில்லை.

அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தார்.

"என்னாடி போட்ட இதுல?"

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஒரு எலைப்பா."

"என்னா எலை?"

"பேரு தெரியாது. ஓடைக்கு அந்தாண்ட இருக்கு. கச்சால்ல மட்டுந்தான் மொளைக்குமாம். என் கூட்டாளி, அந்த நிக்கோபாரிப் புள்ள காட்டுனா."

அம்மாவும் குடித்தாள். கண்ணை மூடி, வாய்க்குள் காற்றை இழுத்துச் சத்தமாக உறிஞ்சி, இன்னொரு முறை உறிஞ்சினாள். "நா பொறந்த தோட்டத்து ஸ்டோர்லகூட இப்படிச் சாயம் எறங்குனதில்ல" என்றாள். தோட்டத்துத் தேயிலை ஆலையைத்தான் ஸ்டோர் என்பாள். கருகிப்போன சீனியில் இனிப்பு இருக்காது. சீனி என்பது கைக்குரிய பொருள்; அது தேத்தண்ணிக்குள் இறங்கியிருக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தோன்றும்?

அன்றிலிருந்து அக்காவுக்கு அதே வேலையாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் யாரும் பார்க்காதபோது ஒரு சிட்டிகை சீனியைக் கரண்டியில் கருக்கி முக்குவாள். பார்த்த ஒரே ஆள் நான். என் வாயை அடைக்க அவள் இரண்டு காரியம் செய்தாள். கரண்டியில் ஒட்டிய கருகலைச் சுரண்டித் தின்ன எனக்குக் கொடுத்தாள். அப்புறம், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த அம்மாவின் தலைத்துணியை எடுத்து வந்து அதன்மேல் என் கையை வைத்து அழுத்தினாள்.

"அம்மா மேல சத்தியம்னு சொல்லு."

"அம்மா மேல சத்தியம்."

"யாருகிட்டயாவது சொன்னின்னா அம்மா செத்துரும். பாத்துக்க."

டிசம்பர் மாதம் கிறிஸ்துமஸுக்கு, கடலோரத்து ஊரில் இருந்த அந்த நிக்கோபாரிப் பெண் அக்காவைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். பாட்டு, சாப்பாடு, ஆட்டம் எல்லாம் உண்டு, ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்றாள். அப்பா வேண்டாம் என்றார். அம்மாதான், "போய்ட்டு வரட்டுங்க, வருசத்துல ஒருக்காதான" என்று சொல்லி, தலையை இழுத்துப் பின்னி, முகத்துக்குப் பவுடர் பூசி அனுப்பினாள். "வெள்ளனா வந்துரு" என்றாள்.

மறுநாள் காலையில் பூமி ஆடியது. கொஞ்ச நேரத்தில் கடல் வந்தது. நாங்கள் மேட்டில் இருந்தோம். கடலோரத்து ஊர் இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது. அக்கா கிடைக்கவில்லை. அந்த நாளைப் பற்றி இவ்வளவுதான் என்னால் எழுத முடியும்.

எங்களைக் கப்பலில் ஏற்றி போர்ட் பிளேயருக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பள்ளிக்கூட முகாமில் சில வாரம் இருந்தோம். பிறகு அம்மாவின் அண்ணன், என் மாமா, டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் அவர் குடியிருந்த இரண்டறைத் தகரக்கூரை வீட்டுக்கு எங்களை அழைத்துப் போனார். அவர் கல்யாணம் கட்டாதவர். சாத்தம் தீவில் மரம் அறுக்கும் மில்லில் வேலை; சட்டை, தலைமுடி, சோற்றுப் பொட்டலம் என்று அவர் தொட்டதெல்லாம் படாக் மரத்தூள் வாசனை அடிக்கும். அப்பா கட்டட வேலைக்குப் போனார். என்னைப் பள்ளியில் சேர்த்தார்கள். அம்மா அழவில்லை. ஒப்பாரியில்லை, புலம்பலில்லை. முகாமில் மற்ற பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதபோதும் அவள் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலை, கடைத் தூளில் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "அவ போட்டாப்ல இல்ல" என்றாள். அக்காவைப் பற்றி அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். மாமாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தூளு சரியில்ல தங்கச்சி. நா வேற கொண்டாரேன்" என்றார் மாமா.

அப்படித்தான் அது தொடங்கியது. சாத்தம் கப்பல் துறையில் மாமாவுக்குத் தெரியாத ஆள் கிடையாது. கல்கத்தா கப்பலில் வரும் ஒருவரிடமிருந்து அசாம் இலை வாங்கி வந்தார். மெட்ராஸ் கப்பலில் வந்த நீலகிரி இலை இரண்டு விதம் வந்தது. ஹோட்டலில் வேலை பார்க்கும் ஒருவர் டார்ஜிலிங் இலையைத் திருநீறு மடிப்பதுபோல் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அம்மா நான்கு டம்ளர்களை வரிசையாக வைப்பாள். ஒவ்வொன்றின் அடியிலும் நான் பெயர் எழுதிய சீட்டு இருக்கும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் அந்தச் சபையில் எனக்குப் பெரிய உத்தியோகம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கட்டம் போட்டு, பரீட்சைபோலப் பத்துக்கு மார்க் எழுதுவேன்.

அம்மா ஒவ்வொன்றையும் உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, முற்றத்தில் துப்புவாள். அவளுடைய அப்பா தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்தபோது துரைமார் இப்படித்தான் ருசி பார்ப்பார்களாம்.

அசாமைக் குடித்துவிட்டு, "நெறம் இருக்கு, குணமில்ல. பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி" என்றாள்.

"எத்தன மார்க்கும்மா?"

"நாலு போடு."

நீலகிரியை இரண்டு முறை குடித்தாள். "இது நல்ல கொழுந்துதாண்ணே. ஆனா கப்பல்ல எவனோ வெங்காய மூட்டைக்குப் பக்கத்துல கெடத்திட்டான்."

"வெங்காயமா? நா மோந்து பாத்துத்தான வாங்குனேன்!"

"நீ மோந்தா மரத்தூளுதான் தெரியும். இதுலயும் பாதி அதான் கெடக்கு."

டார்ஜிலிங்குக்கு இரண்டு மார்க்தான் கிடைத்தது. "யாரோ பூக் கழுவுன தண்ணி" என்று சொல்லிவிட்டாள். மாமா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சிரிப்பு கேட்டது அந்த ஞாயிறுகளில் மட்டும்தான். எனக்கு அந்த விளையாட்டு பிடித்திருந்தது. அம்மா என் தோளில் சாய்ந்துகொண்டு, தனக்குப் படிக்கத் தெரியாத நோட்டை எட்டிப் பார்த்து, "அவுளுக்கு எத்தன போட்ட?" என்று டம்ளர்களைப் பெண்பிள்ளைகளாக்கிக் கேட்பாள்.

ஆனால் எல்லாவற்றின் முடிவிலும் அவள் ஒன்றேதான் சொல்வாள். "தூளுல இல்லண்ணே. அது அந்த எலையிலதான் இருக்கு."

அதற்குப் பிறகு தூள் போய் இலைகள் வந்தன. அடுத்த வீட்டில் ஒரு பெங்காலி அம்மாள் இருந்தாள். அம்மாவுக்கு அவள் தீதி, அதாவது அக்கா; எனக்கு மாசி, சித்தி. அவள் முதலில் துளசி கொடுத்தாள், பிறகு, "யே தேக்கோ பெஹன், தேஜ்பத்தா, பஹுத் குஷ்பூ ஹை" என்று, நல்ல வாசனையாக இருக்குமென்று பிரியாணி இலையைக் கொண்டுவந்தாள். பாராடாங் தீவிலிருந்து மரம் ஏற்றிவரும் ஒரு லாரிக்காரர் ஃபெரியில் நனைந்த எலுமிச்சைப் புல் கட்டொன்றைக் கொடுத்தார். பட்டை மரத்து இலை, கொய்யாக் கொழுந்து, கற்பூரவல்லி, மா இலை, சுக்கு. எலுமிச்சைப் புல்லுக்கு ஆறு மார்க் வந்தது. அதைத் தாண்டி எதுவும் போகவில்லை.

"ஏண்டா, நீ எந்நேரமும் அவ கூடத்தான கெடந்த? அந்த எலைய நீ பாத்ததே இல்லியா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லப்பா."

"நீட்டமா, உருண்டையா? அதாவது தெரியுமா?"

"தெரியாதுப்பா."

பொய் சொல்கிறோம் என்ற பயம் எனக்கு இல்லை. வேறு பயம் இருந்தது. அக்கா சொன்னதையெல்லாம் நான் நம்பியதில்லை. ஆனால் அவள் போனபிறகு, அவள் சொன்னதெல்லாம் உண்மையாகிவிட்டது. 'சொன்னின்னா அம்மா செத்துரும்.' ஒரு நாள் காலையில் ஒரு ஊரே இல்லாமல் போகும் என்றால், ஒரு அம்மா இல்லாமல் போவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அம்மா என் பக்கம் திரும்பி, "யோசிச்சுப் பாரு சாமி" என்று கேட்கும்போதெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவளைக் காப்பாற்றினேன்.

மழைக்காலம் வந்ததும் அம்மா பெயர் தெரியாத இலைகளைப் பறிக்க ஆரம்பித்தாள். தண்ணீர் பிடிக்கப் போகும் வழியில், வேலியோரம், சாக்கடைக் கரையில் எதைக் கண்டாலும் கசக்கி முகர்வாள். பிடித்திருந்தால் முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். ஒருமுறை வட்டமான ஒரு இலையைக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு மூன்று நாள் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டாள். அப்பா முதல்முறையாகக் கத்தினார்.

"இருக்குற ஒண்ணையும் அனாதையாக்கப் போறியா நீ?"

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அக்கா போய் ஒரு வருஷம் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்காவுக்குக் காரியம் செய்துவிட வேண்டும் என்றார் அப்பா. உடம்பு கிடைக்காவிட்டாலும் ஒரு விளக்கேற்றி, பிடித்ததைப் படைத்து, கடலில் தண்ணீர் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் பிள்ளை அலைந்துகொண்டிருக்கும் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் சொன்னார்கள். கச்சாலிலிருந்து வந்த மற்ற குடும்பங்கள் முன்பே செய்து முடித்திருந்தன. அப்பா அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அம்மா ஒரே பதில் சொன்னாள்.

"செய்யலாங்க. வேணாங்கல. அவ போட்ட தேத்தண்ணிய வெக்காம என்னாத்த வெச்சிப் படைக்கிறது? எலை கெடைக்கட்டும்."

 அடுத்த நாள் வேலையிலிருந்து வரும்போது அப்பாவின் சட்டைப் பையிலும் ஏதாவது ஒரு இலை இருக்கும்.

கடைசியில் அம்மா முடிவெடுத்தாள். "கச்சால்ல மட்டுந்தான் மொளைக்கும்னு அவதான் சொன்னாளே. இங்க தேடுனா எப்பிடிக் கெடைக்கும்? அண்ணே, எனக்கு ஒரு டிக்கெட் எடு."

"அங்க என்னா இருக்கு தங்கச்சி? இப்ப அங்க நம்ம ஆளுக யாரும் இல்ல."

"ஓடை இருக்குமில்ல? ஓடைக்கு அந்தாண்ட நா பாத்ததே இல்ல."

மாமா ஒவ்வொரு வாரமும் டிக்கெட்டுக்குப் பதிலாக ஒரு புதுப் பொட்டலத்தோடு வந்தார். அம்மா பொட்டலத்தைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்தாள். பிறகு சாப்பிடுவதையும் குறைத்தாள். மாமாவால் அதைப் பார்க்க முடியவில்லை. யார் யாரிடமோ அலைந்து அந்தத் தீவுக்குப் போக பாஸ் வாங்கி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை டிக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வியாழக்கிழமை கப்பல். அம்மா மட்டும். அப்பா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அம்மா ஒரு துணிப்பையில் இரண்டு சேலையை மடித்து வைத்தாள். அதன் மேல் இலை போட்டு வருவதற்கு ஒரு காலி பிஸ்கட் டின்.

அன்று பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. சொன்னால் சத்தியம் அம்மாவைக் கொன்றுவிடும். சொல்லாவிட்டால் அம்மா கடலில் போவாள். கடல் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். எட்டு வயது தாண்டியிருந்த எனக்கு இந்தக் கணக்கு மட்டும் எந்தப் பக்கம் போட்டாலும் ஒரே விடையைத்தான் தந்தது. கடைசி மணி அடிக்கும்போதுதான் வழி தோன்றியது. சொல்லமாட்டேன் என்றுதானே சத்தியம்? செய்யமாட்டேன் என்று இல்லையே! கண்டுபிடித்த சந்தோஷத்தில் பள்ளியிலிருந்து வீடுவரை ஓடினேன்.

அம்மா தண்ணீர்க் குழாயில் வரிசையில் நின்றிருந்தாள். ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். கேத்தலில் நீலகிரித் தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டு, கரண்டியில் சீனியைப் போட்டு நெருப்பில் பிடித்தேன்.  சீனி உருகி, நுரைத்து, தேன் நிறமாகி, கறுத்தது. தகரக் கூரைக்கடியில் புகை சூழ்ந்தது.

"அரே பாபு, க்யா ஜல் ரஹா ஹை?" என்று அடுத்த வீட்டிலிருந்து மாசி கத்தினாள். என்ன கருகுகிறது என்று கேட்டாள்.

"குச் நஹீ மாசி!" ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே கரண்டியைக் கேத்தலுக்குள் முக்கினேன்.

அம்மா குடத்தோடு உள்ளே வந்து, வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் டம்ளரை நீட்டினேன். குடத்தை இறக்கி வைக்காமலே, இடுப்பில் அது இருக்கும்போதே ஒரு கையால் வாங்கிக் குடித்தாள். உறிஞ்சவில்லை, வாயில் உருட்டவில்லை, துப்பவில்லை. விழுங்கினாள். அவளுடைய தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன்.

"இதான்" என்றாள்.

குடத்தை இறக்கினாள். தண்ணீர் பாதி தரையில் சிந்தியது. என் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டாள். "எங்கடா பறிச்ச? இங்கயே இருக்கா? எந்த எடத்துல?"

 வாயைத் திறந்தால் சொல்லிவிடுவேனோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். வேலியோரத்தில் ஒவ்வொரு செடியாகப் பிடித்து இலையைப் பறித்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதுவா?" நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். "இதுவா? சொல்லு சாமி, இதுவா?" பூசணி இலையைக்கூடப் பறித்து நீட்டினாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அப்பா தூரத்திலிருந்தே ஓடிவந்தார். "விடு, புள்ளைய விடு" என்று என்னைப் பிரித்தெடுத்தார்.

உள்ளே வந்த பிறகுதான் அம்மா கேத்தல் மூடியைத் திறந்தாள். உள்ளே இலை ஏதும் இல்லை. பக்கத்தில் கரண்டி கிடந்தது. அதன் விளிம்பில் கறுப்பாகப் பளபளவென்று ஒட்டியிருந்ததை விரல் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள்.  பிறகு கை வழக்கமாகச் செய்வதுபோல, சீனி டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தாள்.

"சீனி" என்றாள். "ஏங்க, இது சீனிங்க. சீனியக் கருக்கிப் போட்டிருக்கா!"

அப்பாவுக்குப் புரியவில்லை. அம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கள்ளி! எலைன்னு சொல்லி அத்தன பேரையும் ஏமாத்திருக்கா பாருங்க, திருட்டுக் கள்ளி..." அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அக்கா மாட்டிக்கொண்டாள், ஆனால் என்னால் இல்லை.

அம்மா என் பக்கம் திரும்பினாள். இன்னும் சிரிப்பு முகத்தில் இருந்தது.

"அப்ப எலைன்னு ஒண்ணு இல்லவே இல்லியா?"

தலையை ஆட்டுவது சொல்வதாகாது. இல்லை என்று நன்றாக, வேகமாக ஆட்டினேன்.

"ஓடைக்கு அந்தாண்ட?"

மறுபடியும் ஆட்டினேன்.

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "அப்ப அங்க ஒண்ணுமில்ல" என்றாள். என்னிடம் சொல்வதுபோல இல்லை. "அங்க ஒண்ணுமே இல்ல."

ஆமாம், ஒன்றுமில்லை, இனிமேல் கப்பலேற வேண்டாம் என்று எனக்கு ஒரே நிம்மதி. நோட்டை எடுத்துவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இதுக்கு எத்தனம்மா போடட்டும்? பத்துக்குப் பத்தா?"

"போடாத" என்றாள். நான் கொஞ்சம் அதிகமாகக் கருக்கிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா என்னை வெளியே போகச் சொன்னார். மாசி வந்து என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் மொறுமொறுவென்ற பொரி கொடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா அழுவது நான் பொரியைத் தின்று முடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் அம்மா டிக்கெட்டை மாமாவிடம் கொடுத்தாள். "திருப்பிக் குடுத்துருண்ணே." மாமா என் முதுகில் தட்டி, "ஒரு வருசமா வாயத் தொறக்காம கெடந்தியேடா மருமவனே, அழுத்தக்காரா!" என்றார். அப்பா என் தலையைத் தடவினார். எல்லோருக்கும் நான் பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு ஆறாம் நாள் காரியம் நடந்தது. அக்காவின் படம் ஏதும் எங்களிடம் இல்லை. விளக்கு மட்டும் வைத்தார்கள். தேத்தண்ணியை அம்மாவே போட்டாள். சீனியைக் கரண்டியில் கருக்கி, சரியான நிறத்தில், ஒரு நொடி முன்னேபின்னே இல்லாமல் முக்கினாள். டம்ளரை விளக்கின் முன் வைத்தாள். பக்கத்தில் ஒரு வாழையிலைத் துண்டில், கையில் வைத்து நக்குவதற்கு ஒரு சிட்டிகைச் சீனியும் வைத்தாள். பிறகு அப்பாவும் மாமாவும் அந்த டம்ளரைக் கடலுக்குக் கொண்டுபோனார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா பழக்கத்தில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். "புது எலை தங்கச்சி, டூவார்ஸ் சரக்காம். பாக்குறியா?"

"எதுக்குண்ணே" என்றாள் அம்மா. டம்ளர்களை வரிசையாக வைக்கவில்லை.

எனக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. செய்வதும் சொல்வதும் ஒன்றுதான் என்று சத்தியம் நினைத்துவிட்டால்? சத்தியம் எத்தனை நாளில் பலிக்கும் என்று வகுப்பில் ஒரு பையனிடம் கேட்டேன். பதினாறு நாள் என்றான். அவனுக்கு நிச்சயமாகத் தெரியுமாம். அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தேன். அம்மா எங்கே போனாலும் பின்னாலேயே போனேன். குழாயடிக்குப் போனேன், ரேஷன் கடைக்குப் போனேன். அவள் தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். "என்னாடா இது, வாலு மாதிரி" என்றாள் ஒருமுறை. அதைக்கூடத் திட்டுவதுபோலச் சொல்லவில்லை. யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்வதுபோலச் சொன்னாள். சோறு ஆக்கினாள், துணி துவைத்தாள், காலையில் எந்தத் தூள் இருந்ததோ அதில் தேத்தண்ணி போட்டாள். நல்லது கெட்டது சொல்லாமல் குடித்தாள். உள்ளங்கையில் சீனி வைத்துக்கொள்ளவில்லை. மத்தியானங்களில் வாசலில் உட்கார்ந்து, ஒன்றையும் பார்க்காமல் இருந்தாள்.

பதினாறு நாளும் முடிந்தன. பதினேழாம் நாள் காலையில் அவள் அருகே போய் நின்று, தலையிலிருந்து கால்வரை நன்றாகப் பார்த்தேன். மூச்சு வந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு செய்துகொண்டு, பந்தை எடுத்துக்கொண்டு விளையாட ஓடினேன்.